கிணற்று நீரிற் கலந்த எண்ணெய்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி ஈறாகப் பெய்யும் வடகீழ்ப் பருவமழையே நமக்கு வாய்த்த நீர்ச்செல்வம். அம்மழைநீர் வலிகாமத்துச் செம்மண்ணினூடே இறங்கி, அதன் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. இன்னும் ஆழத்தே கடல்நீர் உண்டு. உவர்நீர் பாரமானது, நன்னீர் அதனினும் இலேசானது. ஆகையால் நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. குடிப்பதும், குளிப்பதும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பதும் இந்த வில்லையிலிருந்து எடுக்கும் நீரையே. புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தோர்க்கு நிலத்தின் கீழே எத்தகைய குகைகளும் வழிகளும் உள்ளன என்பதை விளக்கவேண்டுவதில்லை.

இத்தகைய நிலத்திலே எண்ணெய் சிந்தினால் என்னாகும்? எவ்வளவு சிந்தியது, எங்கே சென்றது, இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும் என்பவற்றை எவ்வாறு அறிவது? இவை வெறும் பாடப்புத்தக வினாக்களல்ல. சுன்னாகத்துக் குடும்பங்கள் 2013ஆம் ஆண்டு முதலாகக் கேட்ட வினாக்கள் இவையே.

சுன்னாகத்தில் எரிபொருளால் இயங்கும் மின்னிலையம் பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது. போர்க்காலத்திலே அங்கிருந்த தாங்கிகள் சேதமுற்று எண்ணெய் நிலத்தில் வழிந்தது என ஊரவர் கூறுவர். பின்னர் தனியார் நிறுவனம் ஒன்றும் அவ்விடத்தில் கன எரிபொருள் எண்ணெயை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்தது. சுற்றியுள்ள கிணறுகளிலே எண்ணெய்ப் படலம் தோன்றுகிறது, நீரில் மணம் வீசுகிறது என்ற முறைப்பாடுகள் எழுந்தன. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூலை வரை அப்பகுதியின் 150 கிணறுகளை ஆராய்ந்தது. அவற்றுள் 109 கிணறுகளில், அதாவது நூற்றுக்கு 73 வீதமானவற்றில், எண்ணெயும் கொழுப்பும் நியம அளவுக்கு மேலாக இருந்தன. 2015 சனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்னுற்பத்தியை நிறுத்துமாறு கட்டளையிட்டது. பவுசர்களிலே குடிநீர் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. வாசலிற் கிணறு இருக்கத் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கும் நிலை, கிணற்றைக் குடும்பத்தின் முதுசமாக எண்ணும் நம் மக்களுக்கு எவ்வளவு துயரமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதனையடுத்து வந்ததே பெருங்குழப்பம். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஒன்று, ஆபத்தான எண்ணெய் மாசு அக்கிணறுகளில் இல்லை என்ற கருத்துப்பட அறிக்கை வெளியிட்டது. ஒரு சபை எண்ணெய் உண்டு என்கிறது. ஒரு குழு ஆபத்து இல்லை என்கிறது. வீட்டிலே பால்குடிக் குழந்தையை வைத்திருக்கும் தாய் எதனை நம்புவாள்? ஒருசாரார் பொய் சொல்கின்றனர் என்று முடிவுகட்டுவது எளிது. ஊரிற் பலர் அவ்வாறே முடிவுகட்டினர். அறிக்கை எழுதியோர் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரைக்குப் புறம்பானது. ஆயின் ஒன்றை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்: இரண்டு சோதனைகள் முரண்படுவதுபோலத் தோன்றினும், இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

‘எண்ணெயும் கொழுப்பும்’ என்னும் சோதனை செய்யப்படும் முறை இது. கிணற்று நீரோடு எக்சேன் போன்ற ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்குவர். நீரிலுள்ள நெய்த்தன்மையான பொருள்கள் யாவும் கரைப்பானுட் சென்றுவிடும். பின் கரைப்பானை வேறாக்கி, இளஞ்சூட்டில் ஆவியாக்கி, அடியில் எஞ்சுவதை நிறுப்பர். அந்த நிறையே விடை. இம்முறை இலகுவானது, செலவு குறைந்தது. ஆனால் தராசுத்தட்டில் இருப்பது எரிபொருள் எண்ணெயா, சமையலறைக் கழிவோடு வந்த தேங்காயெண்ணெயா, சவர்க்காரமா என்று தராசு கூறாது. நம்மூரில் எத்தனையோ கிணற்றுக்கட்டுகளின்மேல் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைப்பு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து சொட்டும் எண்ணெயும் அதே தட்டில் வந்து சேரும்.

இதனினும் பெரிய குறை மற்றொன்று உண்டு. கரைப்பானை ஆவியாக்கும்போது, எளிதில் ஆவியாகும் பென்சீன் முதலியனவும் அதனோடு பறந்துவிடும். பெற்றோலிலுள்ள பொருள்களுள் மிகக் கொடியது பென்சீன். குருதிப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அந்தப் பென்சீனை இச்சோதனையாற் காணவே இயலாது.

இரண்டாவது வகைச் சோதனை பென்சீன், தொலுயீன், எதயில்பென்சீன், சைலீன் என்னும் நான்கு பொருள்களையும் தனித்தனியே தேடுவது. வாயு நிறமூர்த்தப் பிரிகருவி கொண்டு செய்யப்படும் நுட்பமான சோதனை அது. ஒரு லீற்றர் நீரில் ஒரு மைக்கிரோகிராமிலும் குறைந்த அளவைக்கூட அறியலாம். பெற்றோல் நிலையத்துத் தாங்கி கசிந்த இடத்திலே இதனைவிடச் சிறந்த சோதனை இல்லை. ஆனால் மின்னிலையங்களில் எரிக்கப்படும் கன எண்ணெயிலும், இயந்திரங்களிலிருந்து கழிக்கப்படும் பழைய மசகெண்ணெயிலும் இந்த நான்கு பொருள்களும் மிகச் சொற்பமே. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது இலேசான பகுதிகள் பெற்றோலாகவும் மண்ணெண்ணெயாகவும் முன்னரே பிரிந்து சென்றுவிடுகின்றன. எஞ்சிய கனமான பகுதியே அங்கு எரிக்கப்படுவது. எனவே கன எண்ணெய் சிந்திய கிணற்றில் ‘பென்சீன் இல்லை, தொலுயீன் இல்லை’ என்று அறிக்கை வருதல் இயல்பே. அதைக்கொண்டு ‘எண்ணெய் இல்லை’ என்று கூறுதல், பால் உண்டா என்று கேட்டவனுக்குச் சீனி இல்லை என்று விடை சொல்வது போன்றது.

அப்படியாயின் அங்கே தேடவேண்டியவை எவை? மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன்களை அவற்றின் காபன் எண்ணிக்கை வாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று. நப்தலீன் முதலாகப் பல வளையங்கள் கொண்ட அரோமற்றிக்குச் சேர்வைகளுக்கான சோதனை மற்றொன்று. அவற்றுள்ளும் புற்றுநோய் தரவல்லன உண்டு. கழிவெண்ணெய் என்ற ஐயம் இருப்பின் ஈயம் போன்ற உலோகங்களையும் பார்த்தல் வேண்டும். கருவி தரும் வரைபடத்தை மின்னிலையத்துத் தாங்கியிலிருந்து எடுத்த எண்ணெயின் வரைபடத்தோடு ஒப்பிட்டால், கைரேகை ஒப்பிடுவதுபோல, இரண்டும் ஒன்றுதானா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எந்த எண்ணெய் சிந்தியது என்பதை முதலில் அறியாது, சோதனையைத் தேர்ந்தெடுத்தல் கூடாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது. சோதனை அறிக்கை கையிற் கிடைத்தோர், ‘மாசு உண்டா இல்லையா’ என்ற கடைசி வரியை மாத்திரம் படியாது, ‘எவை தேடப்பட்டன’ என்ற நிரலை முதலிற் படிப்பாராக.

இனி நிலத்தினுள்ளே நடப்பதைக் காண்போம். சிந்திய எண்ணெய் மண்ணினூடே கீழிறங்கி நீர்மட்டத்தை அடைந்ததும் நின்றுவிடுகின்றது. நீரினும் இலேசாகையால் மேலே பரவி மிதக்கின்றது. அதன் ஒரு சிறுபகுதி நீரிற் கரைந்து, நீர் செல்லும் திசையில் ஒரு வால்போல நீள்கின்றது. மாரியில் நீர்மட்டம் உயரும்போது எண்ணெயும் உயரும்; கோடையில் தாழும்போது தாழும். இவ்வாறு ஏறி இறங்குகையில், தான் தொட்ட மண்ணையும் பாறையையும் பூசிக்கொண்டே செல்லும். ஆகவே கோடையிற் கிணற்றில் எண்ணெய் மிதந்து, மாரியில் அது மறைந்தால், மழை கழுவிவிட்டது என்று மகிழ்தல் கூடாது. உயர்ந்த நீர்மட்டத்துக்குக் கீழே அது பாறையோடு ஒட்டிக்கொண்டு காத்திருத்தல் கூடும். ஒரு பருவத்தில் மாத்திரம் எடுத்த மாதிரி எத்துணை நுட்பமாகச் சோதிக்கப்பட்டாலும் அரைகுறையான சாட்சியே.

இவ்வாறு மறைந்திருக்கும் எண்ணெயை நீண்டகாலம் பின்தொடர்ந்தவர்கள் உலகில் ஒருசிலரே. அவர்களுள் தலைசிறந்தோர் வட அமெரிக்காவில், பெமிட்ஜி என்னும் சிற்றூருக்கு அருகே உழைத்தவர்கள். மினசோட்டா மாநிலத்தின் பைன் காட்டிடையே செல்லும் பெருங்குழாய் ஒன்று 1979 ஓகஸ்ட் 20ஆம் நாள் வெடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் மசகு எண்ணெய் நிலத்திற் பாய்ந்தது. வாரி அள்ளியும் எரித்தும் துப்புரவு செய்தபின்னும் 4 இலட்சம் லீற்றர் வரையில் நிலத்தின்கண் எஞ்சியது. ஐக்கிய அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தார் 1983ஆம் ஆண்டு முதல் அவ்விடத்தை ஓர் ஆய்வுக்களமாக்கினர். எஞ்சிய எண்ணெயை அகற்றாது, அது என்ன செய்கிறது என்று பார்த்திருப்பதே அவர்தம் நோக்கம். ஒடுங்கிய கண்காணிப்புக் குழாய்கள் பலவற்றை வெவ்வேறு ஆழங்களில் இறக்கினர். ஆசிரியர் ஓய்வுபெற மாணவர் தொடர்ந்தனர் எனத்தக்க முறையில் வேலை நடந்தது.

அவர்கள் கண்டது வியப்புக்குரியது. 1996 அளவில் மிதக்கும் எண்ணெய் ஏறத்தாழ 40 மீற்றர் நகர்ந்திருந்தது. கரைந்த மாசின் முனை 200 மீற்றர் சென்றிருந்தது. ஆனால் நிலத்தடி நீரின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், மாசு 500 மீற்றர் சென்றிருத்தல் வேண்டும். மிகுதி எங்கே போயிற்று? மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் உண்டுவிட்டன! முதலில் நீரிற் கரைந்திருந்த ஒட்சிசனைக் கொண்டு உண்டன. அது தீர்ந்ததும் மண்ணின் இரும்புச் சேர்வைகளைப் பயன்படுத்தின. அதுவும் குறைந்த இடத்தில் மெதேன் வாயுவை வெளிவிட்டன. வீட்டுக்கழிவைச் சாணக்கிடங்கு தின்பதுபோல நிலம் எண்ணெயைத் தின்றது எனலாம்.

இதைக் கேட்டு ‘அப்படியாயின் நிலமே தன்னைச் சுத்தஞ் செய்துகொள்ளும், நாம் வாளாவிருப்போம்’ என்று கூறுவார் உண்டு. எண்ணெய் சிந்தியவர்களுக்கு அது மிகவும் இனிப்பான முடிபு. ஆனால் அதே பெமிட்ஜி வேறொரு கதையும் சொல்கின்றது. பற்றீரியாக்கள் இரும்பைக் கரைத்தபோது, அந்த இரும்போடு ஒட்டியிருந்த பாஷாணமும் விடுபட்டு நீரிற் கலந்தது. எண்ணெயில் இருந்திராத ஒரு நஞ்சு, எண்ணெய் காரணமாக, நிலத்திலிருந்தே வெளிப்பட்டது! பல பத்தாண்டுகள் பார்த்திருந்தமையாலன்றோ இது புலனாயிற்று? நிலத்தின்மேல் நம்பிக்கை வைத்துக் காத்திருப்பதாயின், காத்திருக்குங் காலமெல்லாம் அளந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஒட்சிசன், இரும்பு, மெதேன் ஆகியவற்றையும் அளந்தாலன்றி, எண்ணெய் உண்ணப்படுகிறதா அல்லது அயலூருக்குச் சென்றுவிட்டதா என்பதை உணர முடியாது.

பெமிட்ஜியின் பாடத்தை அப்படியே சுன்னாகத்துக்குக் கொண்டுவருதலும் ஆகாது. அங்கே மணலும் பரலும். அவற்றினூடே நீர் ஒரு சீராக, ஒரு திசை நோக்கி, மெல்ல ஊர்கின்றது. இங்கோ சுண்ணாம்புப் பாறை. வெடிப்பு உள்ள இடத்தில் நீர் ஓடும். இல்லாத இடத்தில் நிற்கும். ஒரு வளவுக் கிணற்றில் எண்ணெய் காணப்பட, வேலிக்கு அப்பாலுள்ள கிணறு தெளிந்திருத்தல் கூடும். அதற்கும் அப்பால் அரை மைல் தொலைவிலுள்ள கிணற்றில் எண்ணெய் தோன்றுதலும் கூடும். ‘அவன் கிணறு நல்லது, உன் கிணறு கெட்டது, ஆகவே உன் வளவிலேதான் ஏதோ பிழை’ என்று அயலவர் பேசுவதற்கு இந்த நிலவமைப்பிலே இடமில்லை. மேலும், தோட்டக்காரர் இயந்திரம் வைத்து நாள்முழுதும் இறைக்கும்போது, நீர் செல்லும் திசையே மாறிவிடுகின்றது. இறைப்புக் காலத்தில் ஒரு பக்கம், மழைக்காலத்தில் மறுபக்கம் என்று மாசு அலைக்கழிக்கப்படும்.

நம் வீட்டுக் கிணறு நீர் அள்ளுவதற்காக வெட்டப்பட்டது. மாசை அறிவதற்காக வெட்டப்பட்டதன்று. வாய் அகன்றது, காற்றுப் படுவதால் ஆவியாகும் பொருள்கள் அகன்றுவிடும். இலை, குப்பை, வாளியோடு வரும் அழுக்கு யாவும் விழும். கண்காணிப்புக் குழாய்க் கிணறு இதற்கு மாறானது. கையகலத் துளை, மூடிய வாய், குறித்த ஓர் ஆழத்தில் மாத்திரம் நீர் புகும் சல்லடைக் குழாய். மிதக்கும் எண்ணெயை அறிய வேண்டுமாயின், அச்சல்லடை கோடை நீர்மட்டத்துக்குக் கீழிருந்து மாரி நீர்மட்டத்துக்கு மேல்வரை நீண்டிருத்தல் வேண்டும். குறுகிய சல்லடையை ஆழத்தில் இறக்கினால், மேலே எண்ணெய் மிதந்துகொண்டிருக்க, கீழே தெளிந்த நீரையே அள்ளிக்கொண்டு ‘குறையொன்றுமில்லை’ என்று எழுத நேரும். மாசு வந்த இடத்துக்கு மேற்புறம் ஒன்று, நடுவில் ஒன்று, நீர் செல்லும் திசையில் பல என்று இவை அமைதல் வேண்டும். மேற்புறக் கிணறு எதற்கு எனின், மின்னிலையத்துக்கு முன்னரே நீரில் என்ன இருந்தது என்பதைக் காட்டுவதற்கு. வழக்குமன்றத்தில் மிகவும் பயன்படுவது அதுவே.

மாதிரி எடுப்பதும் ஒரு கலை. ஊரிலே ‘தண்ணீர் சோதிக்கக் கொடுத்தோம்’ என்போர் பலர், சோடாப் போத்தலிலே கொண்டுசென்று கொடுத்தவர்கள். எண்ணெய் பிளாத்திக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஆகையாற் கண்ணாடிப் போத்தலே வேண்டும். பென்சீன் வகையைச் சோதிப்பதற்கு 40 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு குப்பிகளைத் தளம்ப நிரப்பி, உள்ளே ஒரு குமிழியும் இல்லாது மூடுதல் வேண்டும். குமிழி இருந்தால் பென்சீன் அதனுட் புகுந்துவிடும். கவிழ்த்துப் பார்த்துக் குமிழி தோன்றினால் வேறு குப்பி எடுப்பர். எண்ணெயும் கொழுப்பும் பார்ப்பதற்கோ வேறு முறை. அகன்ற வாய்ப் போத்தலிலே சிறிது இடம்விட்டு நிரப்பி, ஆய்வுகூடத்தில் போத்தலின் நீர் முழுவதையும் பயன்படுத்துவர். உட்சுவரையும் கரைப்பானாற் கழுவி எடுப்பர். பாதியை ஊற்றி எடுத்தால், சுவரில் ஒட்டிய எண்ணெய் கணக்கில் வாராது. இரு வகைக்கும் சிறிது அமிலம் சேர்த்துப் பனிக்கட்டியில் வைத்தல் வேண்டும். இல்லையேல் பற்றீரியாக்கள் வழியிலேயே விருந்துண்டுவிடும். தூய நீர் நிரப்பிய குப்பி ஒன்றும் கூடவே பயணம் செய்தல் வேண்டும். அதில் பெற்றோல் காணப்பட்டால், மாசு கிணற்றில் வந்ததன்று, வாகனத்தில் வந்தது என்று உணரலாம். நூறு கிணற்றை அவசரத்தில் அள்ளுவதினும் இருபது கிணற்றை இம்முறையில் நான்கு பருவங்களில் அள்ளுதல் மேல் என்பது என் எண்ணம்.

இவ்விடத்தில் வீட்டார் கேட்கும் வினாக்கள் சிலவற்றுக்கு விடை கூறாது அப்பாற் செல்லுதல் தகாது. ‘மணம் இல்லையே, குடிக்கலாமா?’ என்பது முதல் வினா. சைலீன், எதயில்பென்சீன் ஆகியவற்றை மூக்கு வெகு விரைவில் உணரும். உடலுக்குத் தீங்கு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவை அடையுமுன்னரே அவை மணம் வீசும். பென்சீன் அத்தகையதன்று. அதன் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். அதற்கு 50 மடங்குக்குக் குறைவாக இருக்கும்வரை நாவுக்கும் மூக்குக்கும் அது புலப்படாது. மணம் வீசினால் குடிக்கவேண்டாம் என்பது சரி. மணம் இல்லையாயின் குடிக்கலாம் என்பது சரியன்று.

அந்த 10 மைக்கிரோகிராம் எத்துணைச் சிறிது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் பெற்றோலில் கனவளவால் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் உண்டென்று கொள்வோம். அது ஏறத்தாழ 9 கிராம். ஒரு சிறுதேக்கரண்டி உப்பைவிடச் சற்றுக் கூடியது, அவ்வளவே. அது ஏறத்தாழ 9 இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. 4 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் 38,000 லீற்றருக்குச் சற்றுக் குறைவாக நீர் நிற்கும். ஆகவே ஒரு போத்தல் பெற்றோல் இருபதுக்கு மேற்பட்ட கிணறுகளுக்குப் போதும்!

‘கொதிக்கவைத்தால் தீராதா?’ என்பது அடுத்தது. கிருமி சாகும், கன எண்ணெய் போகாது. பென்சீன் பெரும்பாலும் ஆவியாகும், ஆயின் அது செல்வது அடுப்படியிலுள்ளவரின் சுவாசத்துக்குள்ளேயே. கரி வடிகட்டிகள் பயன்தருவன. ஆனால் கரி நிறைந்ததும் பிடிப்பதை நிறுத்திவிடும், நிறைந்தது என்பதைக் கண் காணாது. வடிகட்டிய நீரையும் காலத்துக்குக் காலம் சோதித்தாலன்றி அதன்மேல் முழு நம்பிக்கை வைத்தற்கில்லை. கிணற்றை இறைத்துவிடுவதும் அவ்வாறே. இறைத்த கிணற்றில் மறுநாள் ஊறும் நீர் அதே பாறையிலிருந்து வருவது.

மின்னிலையம் ஒருபுறமிருக்க, நம் சந்திகள்தோறும் உள்ள பெற்றோல் நிலையங்களையும் எண்ணிப்பார்த்தல் நலம். அவற்றின் தாங்கிகள் நிலத்துக்குள்ளே இருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் அத்தகைய உருக்குத் தாங்கிகள் துருப்பிடித்துக் கசிந்து ஊர்க்கிணறுகளைக் கெடுத்தமையால், 1984ஆம் ஆண்டு அந்நாட்டுக் காங்கிரசு தனிச் சட்டம் இயற்றியது. துருப்பிடியாத தாங்கி, கசிவறி கருவி என்பவற்றுக்கான விதிகள் 1988இல் வெளிவந்தன. பழைய தாங்கிகளுக்கு 1998 திசெம்பர் வரை தவணை கொடுக்கப்பட்டது. தேடத்தொடங்கிய பின்னரே உண்மை தெரிந்தது. இதுவரையில் அந்நாட்டிற் கண்டறியப்பட்ட கசிவுகள் 5 இலட்சத்துக்கு மேல்! ஒருவேளை தேடாத நாடுகளிற் கசிவே இல்லை என்று யாராவது நினைத்துக்கொள்ளக்கூடும்.

கண்காணிப்பின் முதற்படி கிணற்றிலன்று, தாங்கியிலேயே தொடங்குகின்றது. நாள்தோறும் அளவுகோலை இறக்கி எண்ணெய் மட்டத்தைக் குறித்து, விற்ற அளவோடு ஒப்பிட்டால், நாட்கணக்கில் வரும் சிறு குறைவே கசிவைக் காட்டிவிடும். கோலும் கொப்பியும் போதும். ஆனால் கசிவு கிணற்றிலே தெரியும்வரை எவரும் அறியாதிருப்பது எங்கும் நடப்பதே. ஹவாய்த் தீவிலே, செங்குன்று எனப் பொருள்படும் பெயருடைய மலையுள் அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த பெருந்தாங்கிகள், நன்னீர்ப் படைக்கு ஏறத்தாழ 100 அடி மேலேயே அமைந்திருந்தன. 2014இல் கசிந்தபோதே எச்சரிக்கை எழுந்தது. 2021 நவம்பரில் விமான எரிபொருள் குடிநீரிற் கலந்து, ஏறத்தாழ 93,000 பேருக்கு நீர் வழங்கும் அமைப்பே கெட்டது. குழாயைத் திறந்த வீட்டார் மணத்தாலேயே அதனை முதலில் உணர்ந்தனர். வல்லரசின் கருவிகளெல்லாம் அங்கே இருந்தன.

மீண்டும் சுன்னாகத்துக்கு வருவோம். சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீர் மாசடைந்தமைக்கு அத்தனியார் நிறுவனம் பொறுப்பென்று கண்டு, 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. மின்னிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றளவில் வசிப்போருக்குக் கிணற்றைத் துப்புரவு செய்யும் செலவுக்காக ஆளொருவருக்கு 40,000 ரூபா வரையில் அது பகிரப்பட வேண்டியது. மாசு செய்தவனே செலவையும் ஏற்றல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டு நிலத்தடி நீர் வழக்கொன்றில் இவ்வாறு நிலைநாட்டப்பட்டமை சிறப்பே. ஒன்றரைக் கிலோமீற்றர் என்பது தாளில் வரைந்த வட்டம்; பாறையின் வெடிப்புகள் அந்த வட்டத்தை அறியா. 40,000 ரூபா ஒரு கிணற்றை ஒருமுறை இறைத்துச் சேற்றை அள்ளி எடுக்கப் போதும். அதன்பின் ஊறும் நீரை ஆண்டுதோறும் அளப்பதற்கு அத்தொகை போதாது.

ஆகவே ஊர்தோறும் ஒரு கிணற்றேடு இருத்தல் வேண்டும். கிணற்றின் இலக்கம், நாள், நிலமட்டத்திலிருந்து நீர் எத்தனை அடி கீழே, முதல்நாள் மழை பெய்ததா, அயலிலே இறைப்பு நடந்ததா, மணமும் படலமும் உண்டா, அனுப்பிய போத்தலின் இலக்கம், தேடிய பொருள்கள், கிடைத்த செறிவு ஆகிய இவற்றுக்கு ஒவ்வொரு நிரல். ஆவணி புரட்டாதியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது ஒருமுறை, தை மாதத்தில் உயர்ந்திருக்கும்போது ஒருமுறை. நீர்மட்டம் அளப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. நாடாவும் நுனியில் ஒரு பாரமும் இருந்தால் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் ஒரு காலைப்பொழுதில் பத்துக் கிணறு பார்த்துவிடுவர். மற்றைய நிரல்களை நிரப்பும் கடமை நீர்வழங்கல் சபைக்கும் சுற்றாடல் அதிகாரசபைக்கும் உரியது. அவ்வேட்டைக் கிணற்றுக்குரியவர் கேட்டபோது காட்டும் கடமையும் அவர்களுக்கு உரியதே.